தேர்வைக் கட்டில் பக்கத்தில் வையுங்கள்

மருத்துவமனை உதவியாளர், வீட்டுப் பராமரிப்பாளர் பயிற்சிகளுக்குப் பாடத்திட்டம் வகுப்பவர்களுக்கும், தேர்வு நடத்துபவர்களுக்கும், சான்றிதழில் கையெழுத்துப் போடுபவர்களுக்கும்,

வணக்கம்.

அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பாளையங்கோட்டையில் இருக்கிறேன். வாரத்தில் நான்கு நாள் வீரவநல்லூருக்குப் போய்விடுவேன். என் மாமியார் அங்கே படுக்கையில் இருக்கிறார்கள். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது, அது ஆறுவதற்குள் பக்கவாதமும் வந்துவிட்டது. இரண்டு வருடம் ஆகிறது. அத்தையைப் பார்த்துக்கொள்வது முக்கூடலில் இருந்து வரும் ஓர் அக்கா. வயதில் என்னைவிடச் சின்னவர்தான், ஆனால் தெருவே அவரை அக்கா என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே பழகிவிட்டேன். அவரை வைத்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் வாரம் அவர் வேலை செய்வதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். நம்பிக்கை இல்லாமல்தான் நின்றேன். காலை ஏழு மணி. அத்தையை ஒரு பக்கமாகத் திருப்ப வேண்டும். தொடுவதற்கு முன்னால் அத்தையின் முகத்துக்கு நேராக வந்து நின்று, “ஆச்சி, ஒருச்சாச்சு படுப்பமா? நான் பிடிச்சிக்கிடுதேன், பயப்படாதீக” என்றார். அப்புறம் யூரின் பேக்கை, கட்டில் மட்டத்துக்கு மேலே தூக்காமல், திருப்பப்போகும் பக்கத்துக்கு மாற்றினார். வாதம் வந்த கையைப் பிடித்து இழுக்கவில்லை. தோள்பட்டைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்தார். உடம்பை மெத்தையில் உரசவிடாமல், அடியில் குறுக்காக விரித்திருந்த துணியோடு சேர்த்து நகர்த்தினார். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் மடித்த பழைய சேலை, குதிகால் எதிலும் படாமல் நிற்கும்படி. எல்லாம் முடிந்ததும் முதுகிலும் இடுப்பிலும் தோல் எங்கேயாவது சிவந்திருக்கிறதா என்று பார்த்தார். சேலை முந்தானையால் தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கை கழுவப் போனார்.

நான் மூன்று வருடம் செவிலியர் பயிற்சிப் பள்ளியில் படித்தவள். அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் காரணம் எனக்குத் தெரியும். பை மேலே போனால் சிறுநீர் திரும்பி உள்ளே போய்க் கிருமி தொற்றும். வாதம் வந்த கையை இழுத்தால் தோள் மூட்டு நழுவும். தோல் உரசினால் புண் வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பாமல் விட்ட நோயாளிகளின் முதுகில் எலும்பு தெரிகிற அளவுக்குப் புண்ணைப் பார்த்திருக்கிறேன். டிரெஸ்ஸிங் செய்யும்போது அவர்கள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. என் அத்தைக்கு இரண்டு வருடத்தில் ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை. அதற்கு அந்த அக்காதான் காரணம், நான் இல்லை.

“எங்கே படிச்சீங்க?” என்று கேட்டேன். “படிக்கல்லாம் இல்ல சிஸ்டர். ஏழாப்போட நின்னாச்சு. ஒரு நர்ஸிங் ஹோம்ல பதினாலு வருசம் இருந்தேன். பாத்துப் பாத்து வந்தது” என்றார். அந்தப் பதினான்கு வருடமும் அங்கே அவருடைய பதவிப் பெயர் ஆயா. சேரும்போதும் ஆயா, விலகும்போதும் ஆயா. விலகும்போது ஒரு துண்டுத் தாள்கூடக் கொடுக்கவில்லை.

சரி, இனியாவது ஒரு சான்றிதழ் இருக்கட்டும் என்று நினைத்தேன். அனுபவம் உள்ளவர்களை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கிறோம் என்று ஒரு பயிற்சி மையம் அறிவித்திருந்தது. நானே அவர் பெயரைப் பதிந்து, விண்ணப்பமும் நிரப்பிக் கொடுத்தேன். தேர்வு நாளில் ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பேருந்து மாறிப் போனார். கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்திருக்கிறார்கள். கேள்விகள் தமிழில்தான் இருந்தன. ஆனால் அது எந்த ஊர்த் தமிழ் என்று எனக்கே புரியவில்லை. நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பதை ‘நிலைமாற்ற உத்தி’ என்றும், கை கழுவுவதைக் ‘கர சுகாதார நெறிமுறை’ என்றும் எழுதியிருந்தால் முக்கூடலில் யாருக்குப் புரியும்? செய்முறைத் தேர்வு ஒரு பொம்மையை வைத்து நடந்திருக்கிறது. வரிசையில் இருபது பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம். பொம்மையிடம் “திருப்பட்டுமா” என்று கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. கேட்காமல் திருப்பினார், அதற்கு மதிப்பெண் போயிற்று. நிஜ மனுஷியிடம் அவர் கேட்காமல் தொட்டதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

தேர்ச்சி இல்லை என்று வந்தது. அன்றைக்கு அவர் சொன்னதுதான் என்னை எழுத வைத்திருக்கிறது: “பீடி சுத்துத காலத்துல எனக்கு ஒரு அட்டை இருந்துச்சு சிஸ்டர், போட்டோ ஒட்டி. பி.எஃப்.பும் உண்டு. உசுரக் காப்பாத்துத வேலைக்கு வந்த பொறவு காட்டதுக்கு ஒண்ணும் இல்ல.”

இந்த வார்த்தையைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கத்துப் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்று 1966இல் ஒரு சட்டம் வந்தது. 1976இல் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்தது. அடையாள அட்டை வந்தது, பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை வந்தது. எல்லாம் ஒழுங்காகக் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த அட்டையில் அவள் பெயரும் அவள் தொழிலும் இருந்தது. மனித உடம்பைத் துடைத்து, திருப்பி, ஊட்டி, மலஜலம் எடுக்கும் இந்தப் பெண்களுக்கு அப்படி ஒன்று இல்லை.

சட்டமும் திட்டமும் இல்லாமல் இல்லை, அது எனக்குத் தெரியும். 2013 டிசம்பரில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு வந்தது. ஒருவர் எங்கே கற்றார் என்பதைவிட என்ன செய்யத் தெரியும் என்பதை வைத்துத் தகுதியை அளப்போம் என்று அதில் சொன்னீர்கள். 2015இல் வந்த பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனா என்ற மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில், ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களை மதிப்பிட்டுச் சான்றளிக்கவென்றே ஒரு பிரிவு உண்டு. மருத்துவத் துறைத் திறன் குழுவின் பட்டியலில் ஜெனரல் டியூட்டி அசிஸ்டெண்ட் (மருத்துவமனை உதவியாளர்), ஹோம் ஹெல்த் எய்ட் (வீட்டுப் பராமரிப்பாளர்) என்று இவர்களுக்கான பெயர்களும் இருக்கின்றன. கொரோனாவின் இரண்டாம் அலையில், 2021 ஜூன் 18 அன்று, ஆறு வகைப் பணிகளுக்கு அவசரப் பயிற்சி தொடங்கி ஒரு லட்சம் பேருக்குக் கற்றுக்கொடுப்போம் என்றார்கள். அந்த ஆறில் வீட்டுப் பராமரிப்பும் ஒன்று. நெருக்கடி வந்தால் உங்களால் வேகமாக நடக்க முடியும் என்று அப்போது பார்த்தேன்.

அதே 2021இல் லேப் டெக்னீஷியன் போன்ற துணை மருத்துவப் பணியாளர்களுக்கென்று தேசிய ஆணையச் சட்டம் வந்தது. நல்ல சட்டம், பல வருடம் காத்திருந்து வந்தது. ஆனால் அதன்படி துணை மருத்துவப் பணியாளர் என்ற பெயருக்குக் குறைந்தது 2000 மணி நேரப் படிப்பு வேண்டும், அதுவும் இரண்டு வருடத்துக்குக் குறையாமல். செவிலியர்களான எங்களுக்கு 1926லேயே சென்னை மாகாணத்தில் பதிவுச் சட்டம் வந்துவிட்டது. எங்களுக்குப் பதிவு எண் உண்டு, கவுன்சில் உண்டு. இந்த இரண்டுக்கும் கீழே, நோயாளியின் உடம்புக்கு எல்லாரையும்விடப் பக்கத்தில் நிற்கிறவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அக்காவுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லவரவில்லை. தெரியாததும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தோல் சிவந்த இடத்தில் ஸ்பிரிட்டைத் தொட்டு அழுத்தித் தேய்த்து, பவுடர் போடுவார். அதை நிறுத்தச் சொன்னேன். சிவந்த இடத்தில் தேய்த்தால் உள்ளே ஏற்கெனவே நசுங்கியிருக்கும் தசை இன்னும் கெடும். அவர் முகம் வாடிப்போனது. அந்த நர்ஸிங் ஹோமில் மூத்த சிஸ்டர் ஒருவர் சொல்லிக் கொடுத்ததாம். எனக்கும் பயிற்சிக் காலத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் வருடக்கணக்காக அப்படித் தேய்த்திருக்கிறேன். பின்னால் மருத்துவம் மாறியது, எனக்குப் புத்தாக்கப் பயிற்சி கிடைத்தது, நான் மாறினேன். அக்காவுக்கு மாறச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று. முன்பு வேலை பார்த்த ஒரு வீட்டில், சர்க்கரை இறங்கி நினைவு தப்பிய ஒரு தாத்தாவின் வாயில் சீனித் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். வியர்த்துக்கொட்டுவதையும் நடுக்கத்தையும் பார்த்துச் சுகர் இறங்கிவிட்டது என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். நினைவு இருக்கும்போது கொடுத்திருந்தால் அதுவே உயிர் காக்கும் வைத்தியம். நினைவு இல்லாதவர் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நல்லவேளை, அந்தத் தாத்தா பிழைத்துக்கொண்டார். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுக்கும்போது தலைப்பக்கத்தைச் சாய்வாக உயர்த்த வேண்டும் என்று அக்காவுக்குத் தெரியும். கொடுத்து முடித்த பிறகும் அரை மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பது தெரியாது. இவற்றையெல்லாம் நான் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே சொல்லிக்கொடுத்தேன். ஒருமுறை சொன்னால் போதும், அடுத்த நாள் செய்துகாட்டிவிடுவார்.

அதனால்தான் கேட்கிறேன், தேர்வைக் கட்டில் பக்கத்தில் வையுங்கள். அனுபவமுள்ள ஒரு செவிலியரை அனுப்புங்கள். அவர் இரண்டு மூன்று முறை, வேலை நேரத்திலேயே, நோயாளியின் சம்மதத்தோடு பக்கத்தில் நின்று பார்க்கட்டும். ஏன் இப்படிச் செய்தாய் என்று நம் பேச்சுத் தமிழில் கேட்கட்டும். தெரிந்ததற்கு அன்றைக்கே குறித்துக்கொள்ளட்டும். தெரியாததை மட்டும் ஒரு பட்டியலாக எழுதி, அதற்கு மட்டும் பயிற்சி கொடுங்கள். பதினெட்டு வருடம் கட்டில் தட்டிப் போட்டவரை உட்காரவைத்து, படுக்கை விரிப்பது எப்படி என்று முதல் பாடத்தில் இருந்து தொடங்காதீர்கள்.

இது நடக்காத காரியம் இல்லை. என் அண்ணன் மகள் இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே 1980களின் பிற்பகுதியிலேயே என்.வி.க்யூ. என்ற தொழில் தகுதி முறை வந்துவிட்டது. செய்கிற வேலையே தேர்வு என்பதுதான் அதன் அடிப்படை. மதிப்பீட்டாளர் வேலையிடத்துக்கே வந்தார், அவள் ஒரு பாட்டியைக் குளிப்பாட்டி உடை மாற்றுவதைக் கதவோரம் நின்று பார்த்தார், பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். கதவைச் சாத்தினாயா, போர்வையால் மூடிக்கொண்டே துடைத்தாயா, எந்தச் சட்டை வேண்டும் என்று அவரிடமே கேட்டாயா என்பதற்கெல்லாம் அங்கே மதிப்பெண் உண்டாம். அதைக் கேட்டதும் எனக்கு அக்காவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அங்கேயும் எல்லாம் சொர்க்கம் இல்லை. ஸ்டாஃபோர்ட் என்ற ஊர் மருத்துவமனையில் நோயாளிகள் கவனிப்பில்லாமல் தவித்தது பெரிய விவகாரமாகி, 2013இல் விசாரணை அறிக்கை வந்தது. உதவியாளர்களுக்கு இடத்துக்கு இடம் வேறு வேறு பயிற்சி, சிலருக்குப் பயிற்சியே இல்லை என்று அதே வருடம் இன்னொரு ஆய்வுக் குழு சொன்னது. அதன் பிறகுதான் 2015 ஏப்ரலில் கேர் சர்டிபிகேட் என்று 15 தரநிலைகளோடு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நோயாளியின் அந்தரங்கம், மரியாதை, உணவும் நீரும், மறதி நோய், கிருமி தொற்றாமல் பார்ப்பது எல்லாம் அதில் உண்டு. ஓர் இல்லத்தில் வாங்கிய அந்தச் சான்றிதழை அடுத்த இல்லத்தில் நம்பாமல், மறுபடி முதலில் இருந்து செய்யச் சொன்னதும் உண்டு. அந்தத் தப்பை நாம் இங்கே செய்ய வேண்டாம். வீரவநல்லூரில் கொடுத்த சான்றிதழ் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை மருத்துவமனையிலும் செல்ல வேண்டும், கோயம்புத்தூரிலும் செல்ல வேண்டும்.

இங்கிலாந்துவரை போவானேன், நம் பக்கத்திலேயே, தென்காசிக்கு அருகில், ஆய்க்குடி இருக்கிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்களையே மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பழக்கி, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் வீடுகளுக்கு அனுப்புகிறது. அவர்களுக்குப் பின்னால் பிசியோதெரபிஸ்டுகள் நின்று வழிகாட்டுகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலும், மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்து வந்த பெண்கள்தான் வீடுவீடாகப் போய்ப் பி.பி., சுகர் மாத்திரை கொடுக்கிறார்கள். படிப்பு குறைவு என்று ஒதுக்காமல், நல்ல மேற்பார்வை கொடுத்தால் நம் ஊர்ப் பெண்கள் எவ்வளவு பொறுப்பாகச் செய்வார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேடவேண்டாம்.

அடுத்து, நான் கோபத்தோடு எழுதும் விஷயம். பிளஸ் டூ முடித்த, கூலி வேலைக்காரர் வீட்டுப் பெண்பிள்ளைகளிடம் ஒரு வருட ‘நர்ஸிங்’ என்று சொல்லிப் பணம் வாங்கும் இடங்கள் இருக்கின்றன. வெள்ளைக் கோட்டும் தொப்பியும் மாட்டி போட்டோ எடுத்துக் கொடுக்கிறார்கள். அந்தப் படிப்பை நர்ஸிங் கவுன்சில் ஏற்காது, பதிவு எண் கிடைக்காது. அம்மாவின் கம்மலை அடகு வைத்துப் படித்த பிள்ளை, ஆயாவுக்குக் கிடைக்கிற சம்பளத்துக்கே வேலைக்குச் சேர்கிறாள். அதோடு விடுவதில்லை. ஊசி போடச் சொல்கிறார்கள், டிரிப் ஏற்றச் சொல்கிறார்கள். ஏதாவது ஆகிவிட்டால் முதலில் மாட்டுவது அந்தப் பிள்ளைதான். நீங்கள் கொடுக்கும் சான்றிதழில், இந்தப் பணியாளர் என்னென்ன செய்யலாம் என்பதோடு என்னென்ன செய்யக்கூடாது என்பதையும் தெளிவான தமிழில் அச்சடியுங்கள். “இதோ பாருங்கள், ஊசி போடக்கூடாது என்று போட்டிருக்கிறது” என்று அவள் காட்டட்டும். அவளுக்கும் பாதுகாப்பு, நோயாளிக்கும் பாதுகாப்பு.

தடுப்பூசியையும் இதோடு சேருங்கள். ரத்தமும் சீழும் தொடும் வேலை இது. குப்பைக் கூடையில் யாரோ மூடாமல் போட்ட ஊசி குத்தாத ஆயா எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்று தவணை போட்டால் அந்த நோயில் இருந்து காப்பு கிடைக்கும். பயிற்சியில் சேரும் அன்றே முதல் ஊசியைப் போட்டு, ஆறாம் மாதத்தில் மூன்றாவதைப் போட்டு முடித்துவிடலாம். அக்காவுக்கு 46 வயது. போன வருடம் நான் கூட்டிப்போய்ப் போடும்வரை அப்படி ஓர் ஊசி இருப்பதே அவருக்குத் தெரியாது.

சம்பளம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சான்றிதழ் வாங்கினவருக்கும் வாங்காதவருக்கும் ஒரே கூலி என்றால் யாரும் ஒரு நாள் வேலையை விட்டுத் தேர்வுக்கு வர மாட்டார்கள். குறைந்தபட்சக் கூலி அட்டவணையில் சான்றளிக்கப்பட்ட பராமரிப்பாளர் என்று தனியாக ஒரு வரி வேண்டும். விரும்பினால் மேலே படிக்க ஒரு வழியும் வேண்டும். வேலை பார்த்த அனுபவத்துக்கு ஏதாவது மதிப்பு கொடுத்து, திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாவதும் பன்னிரண்டாவதும் முடிக்க வைத்து, துணைச் செவிலியர் படிப்புவரை கொண்டுபோக முடியாதா? அக்காவுக்கு வேண்டாம், அவருக்கு மூட்டு வலி வந்துவிட்டது. பதினாறாவது நம்பர் வீட்டில் வேலை பார்க்கும் இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு வேண்டும்.

தேவை இருக்கிறதா என்று கேட்பவர்கள், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு காலை வேளையில் நின்று பாருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி யாரு பாக்க?” என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல், 10.4 சதவீதம். கல்லிடைக்குறிச்சியிலும் அம்பாசமுத்திரத்திலும் தெருத்தெருவாகப் போனால், முன்வாசலில் கோலம் சின்னதாகிக்கொண்டே வரும் வீடுகளைப் பார்க்கலாம். மகன் பெங்களூரில், மகள் துபாயில். உள்ளே ஒரு ஆச்சியும், அவர்களைத் திருப்பிப் படுக்கவைக்க ஒரு அக்காவும்.

அடுத்த மதிப்பீடு எப்போது வைத்தாலும், மதிப்பீட்டாளரை இங்கே அனுப்பிவையுங்கள். அத்தையிடம் கேட்டுவிட்டேன், அவர்களுக்குச் சம்மதம். பேச்சு இன்னும் முழுதாக வரவில்லை, ஆனால் தலையை ஆட்டினார்கள். காலை ஏழு மணிக்கு வெந்நீர் வைப்போம். ஆறே முக்காலுக்குள் வந்துவிட்டால் முதலில் இருந்தே பார்க்கலாம். வருகிறவருக்குக் காப்பியும் இட்லியும் நான் பார்த்துக்கொள்கிறேன். வாசலில் கை கழுவச் சோப்பு இருக்கும், கழுவாமல் உள்ளே வந்தால் அக்கா விட மாட்டார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
பாளையங்கோட்டை